வாட்ஸ்அப், நோட்டீஸ், கூட்டம்: தொகுதிக்குச் செய்தி சொல்ல எம்.எல்.ஏ.வுக்கு எது உதவும்?

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் நேற்று எங்கே போனார் என்பது தொகுதிக்குத் தெரியாமல் இருப்பதில்லை. மணமக்களோடு நிற்கும் படம், பயணியர் நிழற்குடையைத் திறக்கும் படம், துக்க வீட்டில் ஆறுதல் சொல்லும் படம் எல்லாம் பொழுது சாய்வதற்குள் கைப்பேசிகளுக்கு வந்துவிடும். பேரவையில் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலை நம்பித் தடுப்பணைக்குக் காத்திருக்கலாமா கூடாதா என்பதுதான் தெரியாது. போய்க் கேட்டால் அவருடைய உதவியாளரே தலையைச் சொறிவார்.

இதை மாற்ற நினைக்கும் உறுப்பினருக்கு வழிகளுக்குக் குறைவில்லை. வாட்ஸ்அப், முகநூல் நேரலை, அச்சடித்த தாள், தெருமுனைக் கூட்டம் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் மாதத்தில் எதையும் செய்வதில்லை. அலுவலகத்தில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர். பரிந்துரைக் கடிதம் தட்டச்சு செய்யவே அவர்களுக்குப் பொழுது சரியாகிவிடும். ஆகவே ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, எத்தனை பேரைச் சென்றடையும் என்பது. கொஞ்சம் யோசிப்பவர்கள், மக்களிடமிருந்து பதில் திரும்பி வருமா என்றும் கேட்பார்கள். எனக்கு மூன்றாவது ஒன்று முக்கியமாகப் படுகிறது: ஆறு மாதம் கழித்து, "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று எடுத்துக் காட்ட வாக்காளர் கையில் ஏதாவது இருக்குமா? இந்த மூன்றையும் வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் எடை போடுகிறேன். மூன்றாவதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவும் காசும்

2021 பொதுத்தேர்தலில் மாநிலத்தின் வாக்காளர்கள் சுமார் 6.28 கோடி, தொகுதிகள் 234. சராசரியாகத் தொகுதிக்கு ஏறக்குறைய 2.7 லட்சம் பேர். சோழிங்கநல்லூரில் அந்த எண்ணிக்கை ஏழு லட்சத்தை நெருங்கியது. வீட்டுக்கு மூன்று நான்கு வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டால் சராசரித் தொகுதியில் 70,000 முதல் 90,000 வீடுகள். தினமும் நூறு வீட்டுப் படி ஏறினாலும் முடிக்க இரண்டு ஆண்டுகளாவது ஆகும்.

அடுத்தது படிப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம்; பெண்களில் 73.44. எழுத்தை மட்டும் நம்பும் எந்த வழியும் அன்றைய கணக்கில் நாலில் ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிடும்.

காசு விஷயம் வேடிக்கையானது. 2017இல் உறுப்பினர்களின் மாத ஊதியம் படிகளோடு சேர்த்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் தொகுதிப் படி 25,000, தொலைபேசிப் படி 7,500, அஞ்சல் படி 2,500. செய்தியை அச்சடித்து அனுப்பும் அஞ்சலட்டை ஒன்று 6 ரூபாய். அஞ்சல் படி முழுவதையும் செலவிட்டாலும் 416 வீடுகளுக்குத்தான் போகும். கையால் எழுதுவதென்றால் 50 காசு அட்டையில் 5,000 பேருக்கு எழுதலாம்; எழுத ஆள் வேண்டும். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற தொகுதி மேம்பாட்டு நிதி கட்டடம், சாலை, குடிநீர் போன்ற நிலைத்து நிற்கும் பணிகளுக்கானது. அதை இதற்குத் தொடக் கூடாது. ஆக, செலவு உறுப்பினரின் சொந்தப் பையிலிருந்தோ கட்சியிலிருந்தோதான் வர வேண்டும். கட்சியிலிருந்து வந்தால் தாளின் தலையில் தலைவர்களின் படங்களும் ஏறிக்கொள்ளும். செய்திக்கு மீதி இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

காலக்கெடு உள்ள செய்தி

சொல்லப்போகும் செய்தி என்ன என்று பார்க்காமல் வழியைப் பேசுவதில் பயனில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். 2023 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. யாருக்குக் கிடைக்கும் என்ற விதிமுறைகள் பின்னர் வந்தன. ரேஷன் கடை வழியாக டோக்கனும் விண்ணப்பமும் வீடுகளுக்குப் போயின. செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் ஏறக்குறைய 1.06 கோடி ஏற்கப்பட்டன. விடுபட்ட அரைக்கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏன் விடுபட்டார்கள் என்று குறுஞ்செய்தி போனது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அறிவிக்கப்பட்டது.

மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான அந்த ஆறு மாதமும் ஊரெல்லாம் ஒரே வதந்தி. ஐந்து ஏக்கர் நன்செய்க்கு மேல் இருந்தால் கிடைக்காதா, கார் இருந்தால் போச்சா, மாமியாருக்கா மருமகளுக்கா? இந்த நேரத்தில் தொகுதிக்குத் தேவைப்பட்டது பாராட்டு போஸ்டர் அல்ல. இன்னின்னாருக்கு உண்டு, இன்னின்னாருக்கு இல்லை, மறுத்தால் இன்ன அலுவலகம், இன்ன தேதிக்குள் என்ற நான்கு வரி. 31ஆம் நாள் அந்த நான்கு வரி வெறும் காகிதம்.

இப்படிக் காலக்கெடு உள்ள செய்திக்கு வேகம் வேண்டும். ஜமாபந்தி (ஊர் வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) தேதி, முகாம் நடக்கும் இடம், வாக்காளர் பட்டியல் திருத்தம், குடிநீர்க் குழாய் வேலைக்காக இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தம் ஆகியவை எல்லாம் இந்த வகை. பேரவையில் கேட்ட கேள்வி, வந்த பதில், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பவை வேறு வகை. அவற்றுக்கு அவசரம் இல்லை. அழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்: வேகம் உண்டு, ஞாபகம் இல்லை

முதல் வகைக்கு வாட்ஸ்அப்பை வெல்ல இன்று வேறொன்று இல்லை. செலவு கிடையாது, அரை நிமிடத்தில் போய்விடும், படிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவாக அனுப்பலாம். உறுப்பினரே தன் குரலில் ஒரு நிமிடம் பேசி அனுப்பினால், அழகான படங்கள் பத்தைவிட அது கேட்கப்படும். எழுத்தறிவுக் கணக்கு விட்ட ஓட்டையைக் குரல் பதிவு ஓரளவுக்கு அடைக்கிறது.

ஆனால் எந்த வாட்ஸ்அப்? குழு என்றால் அதிகபட்சம் 1,024 பேர். 70,000 வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் என்றாலும் எழுபது குழுக்கள் வேண்டும். எழுபது குழுக்களை யார் பார்ப்பது? ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான். அதுவும் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதிக்கு இந்த வரம்புகள் இல்லை. பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது. பெண்களுக்கு இது பெரிய நிம்மதி. பதிலுக்கு ஒரு கைதட்டல் குறி போடலாம், உரையாடல் நடக்காது.

குழுவின் ஒரு நாளைப் பார்த்தால் போதும். விடியும் முன்பே ரோஜாப் பூவோடு காலை வணக்கம். அடுத்து தலைவரின் அறிக்கையைக் கிளைச் செயலாளர் போடுவார். அதை இன்னும் மூன்று பேர் அப்படியே மறுபடி போடுவார்கள். நடுவில் ஒரு பெண், "மேலத்தெருவில் ஆறு நாளாகத் தண்ணீர் வரவில்லை ஐயா, பெண்கள் வாய்க்கால் வரை போகிறோம்" என்று எழுதுவார். அன்றைக்கு ஒன்றியச் செயலாளரின் பிறந்தநாளாக இருந்து தொலைத்தால் கேக்கும் பட்டாசுமாக நாற்பது வாழ்த்து வரும். தண்ணீர்ச் செய்தி திரையை விட்டு மேலே போய்விடும். சாயங்காலம் யாரோ ஒருவர், "சம்பந்தப்பட்டவர்களிடம் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதுவார். யாரிடம், எப்போது, என்ன பதில் என்பது இல்லை. மறுநாள் அந்தப் பெண் எதுவும் எழுத மாட்டார்.

குழுவில் இருப்பவர்கள் யார் என்பதும் ஒரு கேள்வி. நிர்வாகி கட்சிக்காரர் என்றால் மாற்றுக்கட்சிக்காரர் ஒரு வாரத்தில் வெளியேறிவிடுவார், அல்லது வெளியேற்றப்படுவார். உறுப்பினருக்கு வாக்களிக்காதவர்களும் அவருடைய தொகுதிதானே? இன்னொரு வழக்கமும் பரவலாக இருக்கிறது: முதியோர் உதவித்தொகை கேட்டு மனு கொடுத்தவர் அதில் எழுதிய கைப்பேசி எண்ணை எடுத்து அவரைக் கேட்காமலே குழுவில் சேர்ப்பது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்காகக் கொடுத்த தகவலை இன்னொன்றுக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. சட்டத்தை விட்டாலும், மனு கொடுத்த பாட்டிக்குக் கட்சி மீம் அனுப்புவது மரியாதை இல்லை.

மூன்றாவது அளவுகோலில் வாட்ஸ்அப் தோற்றுப்போகிறது. அனுப்பியதை நீக்கலாம், திருத்தலாம், கைப்பேசி மாறினால் பழையது போய்விடும். "மார்ச்சில் பாலம் வரும்" என்று சொன்னதை அடுத்த ஆண்டு தேடி எடுக்க யாரால் முடியும்? ஆகவே என் யோசனை: குழுக்களை மூடிவிட்டு ஒரே ஒரு சேனல் வைத்துக்கொள்ளலாம். காலக்கெடு உள்ள செய்தி மட்டும், வாரத்துக்கு மூன்றுக்கு மிகாமல், வாழ்த்தும் இரங்கலும் இல்லாமல். குறை சொல்ல அலுவலகத்துக்குத் தனி எண். வரும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு பதிய ஓர் ஆள்.

நேரலை, ஐ.வி.ஆர். அழைப்பு, சமுதாய வானொலி

இவற்றுக்கு அதிக இடம் வேண்டியதில்லை. பேரவையின் வினா–விடை நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையாக வருகிறது. உறுப்பினர் தொகுதிக் கேள்வி கேட்ட இரண்டு நிமிடத்தை வெட்டிச் சேனலில் போடுவது நல்ல காரியம். அதற்கு மேல் காணொலிக்கு உழைப்பது வீண். பின்னணி இசையும் மெதுவாக நடந்துவரும் காட்சியும் சேர்ந்துவிட்டால் அது செய்தியாக இருப்பதை விட்டுவிடுகிறது. பார்ப்பவர்களில் எத்தனை பேர் தொகுதிக்காரர்கள், எத்தனை பேர் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கும் கட்சி நண்பர்கள் என்பதும் கண்டுபிடிக்க முடியாத ஒன்று.

ஐ.வி.ஆர். எனப்படும், பதிவுசெய்த குரலோடு வரும் தொலைபேசி அழைப்பு ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள் பெருகிய பிறகு முதல் சொல் முடிவதற்குள் துண்டித்துவிடுகிறார்கள். சமுதாய வானொலியைச் சிலர் பரிந்துரைப்பார்கள்; 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில்தான் நாட்டின் முதல் நிலையம் தொடங்கியது என்ற பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் அந்த உரிமத்தின் விதிகள் அரசியல் நிகழ்ச்சிகளை அனுமதிப்பதில்லை. முகாம் அறிவிப்பு வேண்டுமானால் போகலாம். உறுப்பினரின் கணக்கு வழக்கு போகாது.

நேருக்கு நேர்

கூட்டத்துக்கு நூறு இருநூறு பேர்தான் வருவார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் இது கடைசி. ஆனால் கேள்வியின் தரத்தில் இதற்கு இணை இல்லை. வாட்ஸ்அப்பில் "சாலை சரியில்லை" என்று எழுதுகிறவர், எதிரில் உட்கார்ந்தால் எந்த மதகு, எந்த வருடம் அடைத்தது, ஒப்பந்தக்காரர் எத்தனை அடியோடு நிறுத்திவிட்டுப் போனார் என்பது வரை சொல்லுவார்.

நம் கூட்டங்களைக் கெடுப்பது மேடை. பொன்னாடை போர்த்துவதிலேயே முக்கால் மணி நேரம் போகும். "எனக்கு முன் பேசிய அண்ணன் அவர்களே" என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பதில் இன்னும் கொஞ்சம். உறுப்பினர் பேசத் தொடங்கும்போது தாய்மார்கள் எழுந்துவிடுவார்கள். மறுநாள் வேலை இருக்கிறது. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல், ரேஷன் கடைத் திண்ணையிலோ நூலக வாசலிலோ நாற்காலி போட்டு, ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தால் நிலைமை வேறு.

கிராம சபையை இதற்குப் பயன்படுத்தலாமே என்ற ஆசை வரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகளும் கூடுகின்றன. என் கருத்து, அதை விட்டுவிட வேண்டும். கிராம சபை ஊராட்சியுடையது. சட்டமன்ற உறுப்பினர் வந்து உட்கார்ந்தால் அதிகாரிகளின் முகம் அவர் பக்கம் திரும்பிவிடும். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க வந்தவரின் நேரம் போய்விடும். அங்கே நிறைவேறும் தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொள்வது அவருக்குப் போதும். பேரவையில் கேட்கக் கேள்விக்குப் பஞ்சமே வராது.

ஒரு தாள், இரண்டு பக்கம்

இனி நான் முதலிடம் கொடுக்கும் வழி. ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்த பிறகு ஒரே ஒரு தாள், ஏ4 அளவு, இரு பக்கமும் கறுப்பு மையில். வழவழப்புத் தாளும் பல வண்ணமும் வேண்டாம். அவை வந்தால் படம் வந்துவிடும். எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்ற வைராக்கியமும் வேண்டாம். ரேஷன் கடைக்கு அருகில், நூலகம், தேநீர்க்கடை, சலூன், பால் சங்கம், மகளிர் குழு என்று மக்கள் உட்காரும் இடங்களுக்கு அனுப்பினாலே ஒரு தாளை இருபது பேர் படிப்பார்கள். நாளிதழுக்குள் வைத்து அனுப்பும் பழக்கமும் உண்டு. துணிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸோடு சேர்ந்து அது குப்பைக்குப் போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

முதல் பக்கம் கொள்கை. ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "கேட்டது: பெரிய ஏரி மதகு சீரமைப்பு. அமைச்சரின் பதில்: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். பொருள்: இந்த ஆண்டு நிதி ஒதுக்கப்படவில்லை. அடுத்து: மதிப்பீடு தயாரிக்கும்படி செயற்பொறியாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்." இதில் மூன்றாவது வரிதான் உயிர். "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்", "அரசின் கவனத்தில் உள்ளது" என்ற பதில்களைக் கேட்டுக் கேட்டு உறுப்பினர்களுக்கு அவற்றின் உண்மைப் பொருள் நன்றாகத் தெரியும். தொகுதிக்குத்தான் தெரியாது. ஆளுங்கட்சி உறுப்பினர் இந்த மூன்றாவது வரியை எழுதத் தயங்குவார். எதிர்க்கட்சி உறுப்பினர் அதில் உப்பும் மிளகாயும் சேர்க்கப் பார்ப்பார். இருவரும் அடக்கி வாசித்தால்தான் தாளுக்கு மதிப்பு.

வேலைகளைப் பற்றி எழுதும்போது அறிவிப்பு, அரசாணை, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, முடிவு என்ற படிகளில் எது எங்கே நிற்கிறது என்று ஒரு சொல்லில் குறித்தால் போதும். நம் ஊரில் ஒரே பாலத்துக்கு அறிவிப்பின்போது ஒரு பாராட்டு, அரசாணைக்கு ஒரு பாராட்டு, அடிக்கல்லுக்கு ஒன்று, திறப்புக்கு ஒன்று என்று நாலு முறை பட்டாசு வெடிக்கிறார்கள். நாலு பாலம் வந்ததாகவே சிலர் நினைக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்துக்காக ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் முக்கியமான பத்துக் கோரிக்கைகள் கேட்கப்பட்டன. அந்தப் பத்தும் என்ன, ஒவ்வொன்றும் எந்தப் படியில் நின்றது என்று அச்சிட்டால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

எழுதத் தகவல் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியதில்லை. மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அவையில் வைக்கிறது, தமிழிலேயே கிடைக்கும். தடிமனான புத்தகம். பெரும்பாலான பிரதிகள் பிரிக்கப்படாமலே தொகுதி அலுவலக அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அதிலிருந்து நம் வட்டத்தைத் தொடும் வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு எடுக்க, பிளஸ் டூ படித்த ஒருவருக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

பின்பக்கம் ஊர். சரியாகச் சொன்னால் தாளைக் கையில் எடுக்க வைப்பதே அந்தப் பக்கம்தான். பஸ் நேர மாற்றம், கண் சிகிச்சை முகாம், கால்நடைத் தடுப்பூசி நாள், அரசுப் பள்ளி மாணவி மாநில அளவில் கபடி ஆடியது, நூலகத்துக்குப் புரவலர் சேர்ந்தது. கோயில் திருவிழா, சந்தனக்கூடு, தேர்ப்பவனி மூன்றும் தேதி வரிசையில் ஒரே எழுத்தளவில் வர வேண்டும். எந்தத் தெருவின் செய்தி வருகிறது, எந்தத் தெருவின் செய்தி வருவதே இல்லை என்பதை ஊர் எண்ணிக்கொண்டே இருக்கும். காலனிச் செய்தி இல்லாமல் மூன்று தாள் வந்தால் நான்காவதை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். உறுப்பினரின் படம் இரண்டு பக்கத்திலும் தேவையில்லை. அவர் முகம் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு? தாளைத் திண்ணைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசிப்பதுதான் நான் அறிந்த நல்ல வழி. உள்ளூர்ப் பெண் ஒருவர் வாசித்தால் இன்னும் நல்லது. வாசிக்கும்போதே நடுவில் கேள்வி வரும். அதுதான் அடுத்த தாளின் முதல் பக்கம்.

சட்டம் எங்கே இடிக்கும்

அவையில் பேசியதற்கு அரசியல் சட்டத்தின் 194ஆவது பிரிவு முழுப் பாதுகாப்புத் தருகிறது. அதையே வெளியே அச்சடித்தால் அதே பாதுகாப்பு அப்படியே கூட வரும் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு வங்க உறுப்பினர் ஜதீஷ் சந்திர கோஷ், அவைத்தலைவர் அனுமதிக்க மறுத்த தன் கேள்விகளை உள்ளூர் இதழ் ஒன்றில் வெளியிட்டார். அதற்கு உறுப்பினர் என்ற முறையிலான முழுப் பாதுகாப்பு கிடையாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1978இன் 44ஆவது திருத்தம் கொண்டுவந்த 361ஏ பிரிவு, அவை நடவடிக்கைகளைத் தீய நோக்கமின்றிப் பெருமளவுக்கு உண்மையாகச் செய்தித்தாளில் வெளியிடுவதைக் காக்கிறது. அனுமதிக்கப்படாத கேள்வியும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சும் தனி ஆபத்து. பீகாரில் நீக்கப்பட்ட பகுதியை வெளியிட்ட 'சர்ச்லைட்' நாளிதழ் உரிமை மீறல் நடவடிக்கையைச் சந்தித்தது. 1958இல் உச்ச நீதிமன்றமும் அவையின் பக்கமே நின்றது. அவைக்குறிப்பில் இருப்பதை மட்டும் அச்சிட்டு, அதிகாரிகளின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டாமல் இருந்தால் பெரும்பாலும் வம்பு வராது.

மாதந்தோறும் ஒரே பெயரில் பொதுச் செய்திகளோடு அச்சிட்டால் அது பருவ இதழாகிவிடும். 2023ஆம் ஆண்டின் பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும். கூட்டத்தொடர் முடியும்போது மட்டும் வரும் தாளுக்கும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் முகவரியும் எப்போதும் இருக்கட்டும். தேர்தல் துண்டுப் பிரசுரமாகிவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவரில் ஒட்டாமல் பலகையில் ஒட்டுவதும் முக்கியம்: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, யாரும் மதிக்காவிட்டாலும்.

தேர்தல் தேதி அறிவித்த உடனே சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள். தாளின் பழைய பிரதிகள் உள்ளே மாட்டிக்கொண்டால் கேட்பவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. கிளை நூலகத்தில் ஒரு கோப்பாக முன்கூட்டியே சேர்த்துவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. யாரும் போய்ப் புரட்டிப் பார்க்கலாம்.

தாள் தோற்கும் இடங்கள்

இவ்வளவும் கிராமமும் சிறு நகரமும் கலந்த தொகுதிக்குப் பொருந்தும். சோழிங்கநல்லூர் போன்ற தொகுதியில் இது நடக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி நோட்டீஸை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார். தேநீர்க்கடையில் உட்கார்ந்து படிக்கும் ஆளும் அங்கே குறைவு. வாடகைக்கு வந்தவருக்கு வாக்கு சொந்த ஊரில் இருக்கும். அங்கே குடியிருப்போர் சங்கங்களுக்கு அதே தாளைப் படக்கோப்பாக அனுப்பி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லலாம்; குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றை மட்டும் முதல் பக்கத்தில் வைத்தால் ஒட்டுவார்கள். ஆனால் அதே தொகுதியின் மீனவர் குப்பத்துக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கும் அச்சுத் தாள்தான் போக வேண்டும், வாசிக்க ஆளோடு.

மலைத் தொகுதிகளில் கைப்பேசிச் சிக்னலும் கிடையாது, அடிக்கடி போக பஸ்ஸும் கிடையாது. அங்கே ரேஷன் பொருள் வரும் நாள்தான் செய்தி வரும் நாள்; தாளும் வாசிப்பும் கூட்டமும் அந்த ஒரே நாளில், பொருள் வாங்க வரிசையில் நிற்கும்போதே நடந்துவிட வேண்டும். வாட்ஸ்அப் சேனலுக்காக அங்கே ஒரு நிமிடமும் செலவிட வேண்டாம்.